சுத்தியலுக்கு வைத்த பொட்டு

செல்வம் போன் செய்தான். துபாயில் நான் வேலை பார்த்த கேலரியில் இப்போது அவன்தான் சீனியர். ஓவியம், சிற்பம் எல்லாம் வைத்துக் காட்டுகிற, விற்கிற இடம் அது. வந்த பெட்டியைப் பிரிப்பது, சுவரில் மாட்டுவது, வெளியே போகிற சாமானுக்குப் பெட்டி செய்வது எங்கள் வேலை.

“அண்ணே, புதுசா மூணு பேரு வந்துருக்காங்க. இனேஸ் மேடத்தோட பெட்டியில இருக்குற பேப்பரப் பாத்துட்டு, மொத வரி தமிழ்ல இருக்கே, யாரு எழுதுனதுன்னு கேக்குறாங்க.”

“சொல்ல வேண்டியதுதானே.”

“சொன்னேன். கத விடுறேன்னு சிரிக்கிறாங்க. நீங்களே எழுதி அனுப்பிருங்க.”

இப்போது அங்கே தாள் கிடையாது. எல்லாம் டேப்லெட்டில் படம் பிடித்துப் போடுகிறார்கள். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பழைய தாள் கூடவே போய் வருகிறது. அதனால் கேட்கிறார்கள். கேட்டது நியாயம்தான்.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை. வேலையில் எழுதிய மாதிரியே எழுதுகிறேன்.

எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். தச்சு வேலை தெரியும். இருபத்தெட்டு வயதில் ஷட்டரிங் கார்பென்டராக விசா வந்தது. கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிக்கிற வேலை. கேம்ப் அல் குசைஸில். ஆறு வருஷம் ஆணி அடித்தேன். அதில் எழுத வேறொன்றும் இல்லை.

கம்பெனி மூடியது. மரப்பெட்டி செய்ய ஆள் வேண்டும் என்று ரூமில் ஒருவர் சொன்னார். போனேன். ஒரு ஓவியத்தைக் காட்டி, பெட்டியில் வைத்து மூடு என்றார்கள். நாலு நிமிஷத்தில் மூடினேன். சுற்றிலும் இருபது ஆணி. ஒன்றுகூட வளையவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் மங்கை மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கேலரிக்குள் வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு சாமானுக்கும் அவர்தான் பொறுப்பு. சிறிய உருவம். கொண்டையில் ஒரு பென்சில் குத்தியிருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேகமாக நடந்தும் பார்த்ததில்லை.

“ஆர் உங்களுக்கு ஆணி அடிக்கச் சொன்னது?”

“பெட்டிய மூடச் சொன்னாங்க மிஸ்.”

“மூடத்தானே சொன்னது. அடிக்கச் சொல்லேல்லை.”

என் உள்ளங்கையைப் பெட்டியின் ஒரு பக்கம் வைக்கச் சொன்னார். மறு பக்கம் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். கை அதிர்ந்தது.

“உள்ளுக்கு இருக்கிறவருக்கும் இப்பிடித்தான் விழும். படம் எண்டு நினையாதேங்கோ. காய்ச்சல்காரர் ஒருத்தர் படுத்திருக்கிறார் எண்டு நினையுங்கோ. இருபது தரம் அடிச்சிருக்கிறியள் அவருக்கு.”

இருபது ஆணியையும் அதிராமல் கழற்ற ஒரு நாள் ஆனது. அதன் பிறகு ஸ்க்ரூதான். மிஷினில் முக்கால்வாசி, கடைசிச் சுற்று கையால். மறு நாளும் வரச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் போனேன்.

மங்கை மிஸ்ஸின் வேலை முறை வேறு. பெட்டி வந்தால் உடனே திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அறையில் அப்படியே இருக்க வேண்டும். குளிர் நாட்டிலிருந்து விமானத்தில் வந்தது, துபாய் ஆகஸ்ட் வெக்கையில் திறந்தால் வியர்த்துவிடும். எங்கள் டிரைவர் ஷாகித் பாய் பெஷாவர்க்காரர். பொறுமை கிடையாது. “கலாஸ் பாய், கோலோ”, போதும், திற என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். மிஸ் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, “நீங்களும் ஒரு நாள் இருங்கோ” என்று தமிழிலேயே சொல்வார். அவருக்கும் புரியும்.

திறந்த பிறகு தொடக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கீறல், பள்ளம் எல்லாம் நிழல் விட்டுத் தெரியும். கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் ஆரம்பித்து ஒரு சுற்று வர வேண்டும். கண்டதைத் தாளில் எழுத வேண்டும். பென்சில் மட்டும்தான். பேனா அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. பெரிய கீறல், சின்னக் கீறல் என்று எழுதினால் அழித்துவிடுவார். “எத்தினை மில்லிமீட்டர்? அளந்து எழுதுங்கோ. ஏன் வந்தது எண்டு எழுத வேண்டாம். இருக்கிறதை எழுதுங்கோ.” யார் முதலில் கண்டாரோ அவர்தான் எழுத வேண்டும், தனக்குத் தெரிந்த எழுத்தில். கீழே அவர் ஆங்கிலத்தில் எழுதுவார். கண்டவன் எழுதாமல் இன்னொருவர் எழுதினால் அது கேள்விப்பட்டது ஆகிவிடும் என்பார்.

அந்தத் தாள் சாமானோடு போகும். எந்த ஊரில் பெட்டி திறந்தாலும் அங்கே இருக்கிற ஆள் அதைப் பார்த்துச் சரிபார்த்து, தன் பங்குக்கு ஒரு வரி எழுதுவார்.

இனி இனேஸ்.

போர்ச்சுகல் நாட்டுப் பெண். அப்போது இருபத்தாறு வயது. காலையில் ரொட்டிக் கடையில் வேலை, மதியத்துக்கு மேல் தன் வேலை. அந்த ஊரில் தக்கை மரம் உண்டு. பாட்டில் வாயை அடைக்கிறார்களே, அந்தத் தக்கை. அதைச் செதுக்கிக் கருவிகள் செய்தாள். சுத்தியல், ரம்பம், இழைப்புளி, உளி இரண்டு, அரம், குறடு, ஸ்பேனர், ரசமட்டம். மொத்தம் ஒன்பது. இரும்பு வர வேண்டிய இடத்தில் பென்சில் கரியைத் தேய்த்துத் தேய்த்து, மேலே மெழுகு. ஒன்பதும் செய்ய இரண்டு வருஷம். ஒன்பதும் சேர்ந்துதான் ஒரு வேலை. பிரிக்க முடியாது.

கேலரி முதலாளி, எங்கள் மேடம், லெபனான்காரர். லிஸ்பனில் ஒரு சின்ன அறையில் இதைப் பார்த்திருக்கிறார். துபாயில் காட்டுகிறேன் என்று அழைத்து வந்தார். தன் நாட்டுக்கு வெளியே அவளுக்கு முதல் கண்காட்சி. வெளிநாட்டு மியூசியம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வருகிறார், நாட்டுக்கு ஒருவராகப் புது ஆட்களைத் தேர்ந்து நாலு ஊர்களில் சுற்றிவரும் காட்சி நடத்தப் போகிறார், அவர் கண்ணில் இந்தப் பெண் பட வேண்டும் என்று மேடம் ஒரு மாதமாக அதே பேச்சு. போனில் பேசுவார். விருந்து வைப்பார். ஓர் ஆளை உலகத்துக்குக் காட்டுவது அவருக்குப் பேச்சு. எங்களுக்குப் பெட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டி வந்த அன்று நான் அபுதாபிப் பக்கம் முசஃபாவில் இருந்தேன். சிற்பத்துக்கு இரும்பு ஸ்டாண்டு வெல்டிங் செய்துகொண்டிருந்தார்கள், பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பினேன். மறு நாள் ஆயுத பூஜை.

ஒவ்வொரு வருஷமும் செய்வோம். மேடம் அனுமதி உண்டு. மங்கை மிஸ்ஸின் கட்டுப்பாடும் உண்டு. கற்பூரம் கூடாது, ஊதுபத்தி கூடாது, புகை ஆகாது. பழமும் பொரியும் உள்ளே கூடாது, பூச்சி வரும். சந்தனம், குங்குமம், பூ. அவ்வளவுதான் உள்ளே. தேங்காய் வெளியே, வண்டி நிற்கிற மேடையில். செல்வம் பர் துபாய் போய் மீனா பஜாரில் எல்லாம் வாங்கி வந்திருந்தான்.

காலை எட்டு மணி. மிஸ் ஏர்போர்ட் கார்கோவுக்குப் போயிருந்தார். சீனியர் என்பதால் நான்தான் பொட்டு வைப்பேன். டிரில்லிங் மிஷின், ஏணி, டிராலி, ரம்பம், என் உளிகள் எல்லாவற்றுக்கும் வைத்தேன். டூல் அலமாரிக்குப் பக்கத்து மேஜையில் சாம்பல் நிறத் துணி விரித்து ஒன்பது கருவி இருந்தது. பழைய கருவி. முசஃபாவுக்குப் போயிருந்தபோது யாரோ வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒன்பதுக்கும் வைத்தேன். எட்டுக்கு இரும்பின் மேல். சுத்தியலின் தலை துணிக்குள் மறைந்திருந்தது. அதற்குக் கைப்பிடியில் வைத்தேன்.

நம்பர் சீட்டு கட்டியிருந்தால் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் பார்த்து எழுதி முடித்துத்தான் சீட்டுக் கட்டுவோம். மிஸ் பாதிதான் முடித்திருந்தார். தூக்கியிருந்தாலும் தெரிந்திருக்கும். பொட்டு வைக்க யாரும் சுத்தியலைத் தூக்குவதில்லை.

“தேங்காய உடைச்சிரலாமா அண்ணே?”

“உட.”

செல்வம் மேஜையிலிருந்து அந்தச் சுத்தியலை எடுத்தான். அவன் கை தலைக்கு மேலே போய்விட்டது. எடைக்குத் தயாராக எடுத்த கை. எடை இல்லை. அப்படியே நின்றான்.

“அண்ணே… சுத்தியல் பறக்குது.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது, இது இனேஸின் தக்கை. ஷாகித் பாய் தேங்காயோடு மேடையிலிருந்து எட்டிப் பார்த்து, “கியா ஹுவா? டூட் கயா?” என்றார். உடைந்ததா என்று தேங்காயைப் பற்றிக் கேட்கிறார்.

செல்வம் சுத்தியலை இருந்த இடத்தில் வைத்தான். ஈரத் துணியை எடுத்தான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“தொடாத.”

“தொடச்சிட்டாத் தெரியாதுண்ணே. மிஸ் வர்றதுக்குள்ள.”

“தொடாத. போய்ப் பென்சில எடுத்துட்டு வா.”

மிஸ் பதினொரு மணிக்கு வந்தார். நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் மேஜையைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். விரலில் சந்தனம் காய்ந்திருந்தது. கேட்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆனாலும் கேட்டார்.

“ஆர் வச்சது?”

“நான்தான் மிஸ்.”

“ஒம்பதுக்குமோ?”

“ஒம்பதுக்கும்.”

கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்தார். திரும்பவும் குத்திக்கொண்டார். அவர் தடுமாறி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“எழுதுங்கோ.”

டார்ச்சை அவர் சாய்த்துப் பிடித்தார். நான் அளந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். சுத்தியலுக்கு இப்படி எழுதினேன்: ‘கைப்பிடி. தலையிலிருந்து நாற்பது மில்லிமீட்டர் கீழே. சந்தனம், வட்டம், பதினொன்று. அதன் மேல் குங்குமம், வட்டம், ஆறு. வலது கை மோதிர விரலால் வைத்தது. வைத்தவன் முருகேசன்.’

மிஸ் படித்தார். “ஆர் வச்சது எண்டு எழுதத் தேவையில்லை. இருக்கிறதை எழுதினால் போதும்.”

“அதுவும் இருக்கறதுதான் மிஸ்.”

அவர் அதை அழிக்கவில்லை. கீழே ஆங்கிலத்தில் முழுவதையும் எழுதினார்.

மேடத்திடம் போனோம். அவர் உட்கார்ந்துவிட்டார். கண்காட்சி திறக்க எட்டு நாள். மியூசியத்து அம்மா அதற்கு முந்தின நாள் வருகிறார். “நாளைக்கு அந்தப் பெண் வரட்டும். அவள் சொல்கிறபடி செய்வோம். அதுவரை முருகேசன் அவள் சாமானைத் தொட வேண்டாம்” என்றார். எனக்கு வேலை போகும் என்றுதான் நினைத்தேன். பட்டறைக்குப் போய் வேறொரு பெட்டிக்குப் பலகை அறுத்தேன்.

இனேஸ் மறு நாள் மதியம் வந்தாள். தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தாள். கையைப் பார்த்தேன். இடது கட்டைவிரலில் உளி பட்ட வடு மூன்று. எனக்கு நாலு.

மேஜையைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. வண்டி மேடையில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தாள். செல்வம் கரக் சாயா கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தான். அது ஆறிப்போனது. இன்னொன்று கொண்டுபோய் வைத்தான். அதைக் குடித்தாள்.

பிறகு மிஸ்ஸோடு பட்டறைக்கு வந்தாள். மிஸ் தமிழில் சொன்னார்.

“உங்களிட்டக் கேக்கிறா, ஏன் வச்சனீங்கள் எண்டு.”

“வேலை செய்யிற சாமானுக்கு வருஷத்துல ஒரு நாள் வைப்போம் மிஸ்.”

மிஸ் சொன்னார். அவள் யோசித்துத் திரும்பக் கேட்டாள்.

“அந்த அறையில படங்களும் இருந்தது, கதிரையும் இருந்தது, அதுகளுக்கும் வச்சதோ எண்டு கேக்கிறா.” கதிரை என்றால் அவர் ஊரில் நாற்காலி.

“இல்ல. அதெல்லாம் வேலை செய்யாதே.”

இதை மிஸ் சொன்னதும் அவள் வாய் ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. உடனே முகம் மாறியது. இது என் வேலை இல்லை, இதை எடுத்தாக வேண்டும் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நான் இழைத்த பலகையில் வேறொருவன் கைவைத்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ரொட்டி. கடையில் வேலை பார்த்தவள் இல்லையா? ஷாகித் பாய் ஒரு பை நிறைய சமூன் வாங்கி வந்தார். நீளமான ரொட்டி. மேல் தோலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளையை உருட்டி, தண்ணீர் படாமல் பொட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மிஸ் டார்ச் பிடித்தார். முதலில் அரத்தின் அடிப்பக்கம், யாரும் பார்க்காத இடத்தில் செய்து பார்க்கச் சொன்னார். மெழுகு போட்ட இடம் என்பதால் நன்றாக வந்தது. இரண்டு நாளில் எட்டும் சுத்தம். தோலையெல்லாம் நாங்கள் டீயில் தொட்டுத் தின்றோம்.

சுத்தியல் வரவில்லை. கைப்பிடியில் மெழுகு கிடையாது. கை பிடிக்கிற இடம், வழுக்கக் கூடாது என்று அவள் போடவில்லை. நல்ல தச்சனும் போட மாட்டான். சந்தனத்தின் ஈரத்தோடு குங்குமம் தக்கைக்குள் இறங்கிவிட்டது.

ஒன்பதில் ஒன்று இல்லாவிட்டால் அந்த வேலையே இல்லை. மேடம் வந்து வந்து கடிகாரத்தைப் பார்த்தார். இனேஸ் புதுச் சுத்தியல் செய்கிறேன் என்றாள். தக்கைக்கு எங்கே போவது? அவள் பெட்டிக்குள் அடியில் தக்கைப் பலகை வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். நான் கழற்றிக் கொடுத்தேன். என் பட்டறையிலேயே உட்கார்ந்தாள். என் உளியை எடுத்துப் பார்த்தாள். முனையை விரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தாள். பிடித்திருந்தது போல.

அன்றிலிருந்து என்னை மெஸ்த்ரே என்று கூப்பிட்டாள். நாம் மேஸ்திரி என்கிறோமே, அவர்கள் ஊரிலும் அதுதானாம். அலமாரியைக் காட்டி, அதையும் தன் ஊர்ப் பாஷையில் அலமாரி மாதிரியே சொன்னாள். செல்வத்துக்கு அன்று முழுக்க அதே ஆச்சரியம். “நம்ம சாமானையெல்லாம் எப்பண்ணே தூக்கிட்டுப் போனாங்க?” என்றான். “அவங்கதான் கொண்டாந்து குடுத்தாங்க” என்றேன். எங்கோ கேட்டது.

இரண்டு நாள் செதுக்கினாள். நான் என் பெட்டியைச் செய்தேன். பேச்சு கிடையாது. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆங்கிலம் வராது. வேலை ஓடியது.

மூன்றாம் நாள் காலை இரண்டு சுத்தியலையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதின் பொட்டின் மேல் ஒரு துண்டுத் துணி போட்டு மறைத்தாள். நான், செல்வம், ஷாகித் பாய் மூன்று பேரையும் கூப்பிட்டாள். மிஸ் மொழிபெயர்த்தார்.

“ஒரு ஆணி அடிக்க வேணும் எண்டால் எதை எடுப்பியள் எண்டு கேக்கிறா. தூக்கக் கூடாதாம். பாத்துச் சொல்ல வேணுமாம்.”

நான் பழையதைக் காட்டினேன். ஷாகித் பாய் பழையதைக் காட்டினார். செல்வம் குனிந்து இரண்டையும் பார்த்துவிட்டுப் பழையதைக் காட்டினான்.

“புதுசுக்கு என்ன குறை எண்டு கேக்கிறா.”

“கொறையெல்லாம் இல்ல மிஸ். அது ஷோகேஸ்ல வைக்கிற சுத்தியல். இது தினம் டூட்டிக்கு வர்ற சுத்தியல்.”

மிஸ் இதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. இனேஸ் சத்தமாகச் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. புதுச் சுத்தியலை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தாள். தக்கை என்பதால் ரொட்டி மாதிரி உடைந்தது. “கலாஸ்!” என்றாள். ஷாகித் பாயிடம் கற்ற வார்த்தை.

பிறகு மிஸ்ஸிடம் ஏதோ நிதானமாகச் சொன்னாள்.

“முருகேசு, நீங்கள்தான் மாட்ட வேணுமாம். பொட்டு வெளியில தெரியிற மாதிரி.”

கையுறை போட்டுக்கொண்டேன். பித்தளைக் கொக்கியில் ஒன்பதையும் மாட்டினேன். ஒவ்வொன்றும் ரொட்டி எடை.

மேடத்துக்கு மட்டும் நிம்மதி இல்லை. அழுக்குப் பட்ட சாமானை மாட்டிவைத்திருக்கிறோம் என்று மியூசியத்து அம்மா நினைத்துவிட்டால் இந்தப் பெண்ணின் பேரே கெட்டுப் போகும் என்றார். அதுவும் நியாயம்தான். இனேஸ் கேட்கவில்லை.

அந்த அம்மா மறு நாள் காலை வந்தார். உயரம். வெள்ளைத் தலை. கண்ணாடி கழுத்தில் தொங்கியது. மேடம் பேச ஆரம்பித்தார். அவர் கை காட்டி நிறுத்தினார். முதலில் தாளைக் கேட்டார். மியூசியத்துக்காரர்கள் எப்போதும் அப்படித்தான், சாமானைப் பார்க்கும் முன் தாளைப் பார்ப்பார்கள். ஒன்பது தாளையும் நின்றபடி படித்தார். சுத்தியல் தாளில் நின்றார். முருகேசன் யார் என்றார்.

பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். மரத்தூளோடு போய் நின்றேன். இனேஸ் சுவர் ஓரம் கை கட்டி நின்றாள். கட்டைவிரலை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

“வைக்கேக்க தூக்கிப் பாக்கேல்லையோ எண்டு கேக்கிறா” என்றார் மிஸ்.

“பொட்டு வைக்கச் சுத்தியலத் தூக்க மாட்டோம் மிஸ்.”

மிஸ் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனார். ரம்பத்தைப் பார்த்தார், இழைப்புளியைப் பார்த்தார். கையுறை கேட்டார். நான் கொடுத்தேன். சுத்தியலைக் கொக்கியிலிருந்து எடுத்தார். ஒன்பதும் தக்கை என்று தாளில் படித்தவர். ஆனாலும் செல்வத்தின் கை போன மாதிரியே அவர் கையும் மேலே போனது.

பெரிதாகச் சிரித்தார். இனேஸைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். எனக்குப் புரியவில்லை. மேடத்தின் முகத்தைப் பார்த்து, தேர்ந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து மிஸ் பட்டறைக்கு வந்தார். வழக்கமான நடைதான்.

“முருகேசு, பெட்டி செய்யுங்கோ. ஒண்டு. உள்ளுக்கு ஒம்பது படுக்கை. நாலு ஊர் போய் வரும்.”

“தாள் மிஸ்?”

“மூடிக்கு உள்பக்கம் ஒரு உறை வையுங்கோ. தாளும் போகுதாம். அந்தத் தமிழ்த் தாளேதான் வேணுமாம்.”

நாலு நாள் எடுத்துச் செய்தேன். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்துக்கு ஃபோம் வெட்டினேன். ஆணி ஒன்றுகூட இல்லை. இனேஸ் ஊருக்குப் போகும் முன் வந்து மூடியைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள். பிறகு என் கையைக் குலுக்கினாள்.

நாலு ஊர் என்றது ஏழானது. அவள் பெயர் பரவியது. மேடம் பேசப் பேச அடுத்தடுத்துக் கண்காட்சி. அவளுடைய மற்ற வேலைகளுக்கு நான் செய்த பெட்டி மட்டும் முப்பதுக்கு மேல். இப்போது ரொட்டிக் கடைக்குப் போவதில்லை என்று மிஸ் சொன்னார். காலையிலேயே எழுந்துவிடுகிற பழக்கம் மட்டும் போகவில்லையாம்.

நான் ரிட்டையர் ஆவதற்கு இரண்டு மாதம் முன்பு அந்தப் பெட்டி துபாய்க்குத் திரும்பி வந்தது. ஒரு நாள் அறையில் இருக்கவைத்தேன். அப்போதும் கண்காட்சி சீசன் தொடக்கம், திறக்கிற அன்றைக்கு ஆயுத பூஜை. இனேஸும் வந்திருந்தாள். ஸ்க்ரூவைக் கையால் கழற்றினேன். என் பெட்டியின் மூலைகள் அடிபட்டிருந்தன. உள்ளே ஓர் அடியும் இல்லை. அதற்குத்தான் மூலை.

உறையிலிருந்து சுத்தியலின் தாளை எடுத்தேன். ஒரு தாள் போய் நாலு தாள் ஆகியிருந்தது. மேலே என் எழுத்து. கீழே மிஸ்ஸின் ஆங்கிலம். அதற்குக் கீழே ஒவ்வொரு ஊர்க்காரரும் எழுதியிருந்தார்கள். முதல் வரி தமிழில் இருந்ததைப் பார்த்துவிட்டு எல்லாரும் தங்கள் தங்கள் எழுத்திலேயே எழுதி, கீழே ஆங்கிலத்திலும் போட்டிருந்தார்கள். ஒன்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒன்று வலமிருந்து இடமாகப் போனது. ஒருவர் எழுத்தோடு சின்ன வட்டம் வரைந்து உள்ளே இன்னொரு வட்டம் வரைந்திருந்தார். மிஸ் ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்டினார்.

“எல்லாரும் ஒண்டைத்தான் எழுதியிருக்கினம். பதினொண்டு, ஆறு. துடைக்க வேண்டாம் எண்டும் எழுதியிருக்கினம்.”

செல்வம் சந்தனக் கிண்ணத்தோடு ஏணி, டிராலி என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தான். இப்போது அவன்தான் வைப்பான். அலமாரியில் இருந்த நிஜச் சுத்தியலைத் தூக்கி எடை பார்த்துவிட்டுப் பொட்டு வைத்தான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மேஜைப் பக்கம் வந்து கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, இதுக்கு?”

“அதுக்கு வச்சாச்சு.”

இனேஸ் டார்ச்சை வாங்கிச் சாய்த்துப் பிடித்தாள். நான் பன்னிரண்டு மணி இடத்தில் ஆரம்பித்து ஒரு சுற்று வந்தேன். ஸ்கேலை வைத்தேன். சந்தனம் பதினொன்று. குங்குமம் ஆறு.

மிஸ் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தார். கடைசித் தாளில் இடம் கொஞ்சம் இருந்தது. எழுதினேன்.

‘மாற்றம் இல்லை. முருகேசன்.’